நலம், நலமறிய அவா

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நம் குடியிருப்பில் வாரந்தோறும் நடைபெறும் தமிழ் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி, கையில் தேர்வுத்தாளுடன் நம் இல்லத்திற்கு வந்தாள். அவளுக்கு வயது 10. கோடை விடுமுறைக்கு உன் ஊருக்கு வருமாறு நண்பனை அழைத்துக் கடிதம் எழுதுக என்பது அத்தாளில் இருந்த வினா. அன்புள்ள நண்பனுக்கு, நலம், நலமறிய அவா என்று தொடங்கி, இப்படிக்கு உன் அன்பு நண்பன் என்று முடித்திருந்தாள். இடையே தஞ்சைப் பெரிய கோயிலும் கல்லணையும் வந்தன. பிழை ஒன்றும் இல்லை. பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது. ஆயினும் குழந்தையின் முகம் தெளியவில்லை.

“தாத்தா, இந்த நண்பன் யார்?” என்று வினவினாள். பிறகு, “என் ஊர் தில்லிதானே? ஏன் தஞ்சாவூருக்கு வான்னு எழுதணும்?” என்றாள்.

கையேட்டில் அவ்வாறு இருக்கிறது என்று கூறி அன்று அவளை அனுப்பிவிட்டோம். கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. நண்பனுக்கு எழுதும் கடிதம் என்னும் ஒன்று தமிழ் மக்களிடையே எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எந்த இடத்தில் அது ஒரு தேர்வு வினாவாக இறுகிப்போயிற்று என்பவற்றைச் சில திங்களாக எண்ணிப் பார்த்தோம். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் கேட்டபோது இதனையே எழுதலாம் எனத் துணிந்தோம்.

நட்பு என்றவுடன் தமிழர் நினைவிற்கு வருவோர் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாருமே. உறையூரிலிருந்த அரசனும் பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்த புலவரும் ஒருவரையொருவர் கண்டிலர். ஆயினும் உயிர் நண்பர். அரசன் வடக்கிருந்த காலத்தில் ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குக என்றான், அவரும் வந்தார். புறநானூறு கூறும் இவ்வரலாற்றில் ஓலை ஒன்றும் இல்லை. வடக்கு நோக்கிப் பறந்த அன்னத்தை விளித்து, சோழனிடம் சென்று என் பெயரைக் கூறு என்று புலவர் பாடிய பாட்டு ஒன்றுதான் உண்டு. நண்பனுக்குச் செய்தி விடுத்தல் என்பது தமிழில் இங்ஙனம் பறவையின் வாயிலாகத் தொடங்குகிறது. பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவர் மதுரையிற் குளிரால் நடுங்கியபோது தம் மனைவிக்குச் செய்தி கூறுமாறு நாரையை வேண்டியதும் இவ்வழி வந்ததே. மதுரைக் குளிருக்கே ஒரு பாட்டுப் பிறந்தது. தில்லியின் தை மாதக் குளிரை அப்புலவர் கண்டிருப்பின் ஒரு காப்பியமே பாடியிருப்பார்!

எழுதிய மடல் எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்குச் சிலப்பதிகாரமே நமக்கு முதற் பாடம் எனலாம். அது நண்பர்க்கு எழுதியது அன்று. மாதவி கோவலனுக்கு எழுதியது. ஆனால் அவள் இரு முறை எழுதினாள் என்பதும், அவ்விரண்டும் வெவ்வேறு வகையின என்பதும் ஊன்றி நோக்கத் தக்கன. முதல் மடலுக்கு அவள் தேர்ந்தது மலர்மாலையின் இடையே அமைந்த தாழை மடல். எழுதுகோலாகக் கொண்டது பித்திகையின் அரும்பு. மையாகக் கொண்டது செம்பஞ்சுக் குழம்பு. அழகிற்கு ஒரு குறையும் இல்லை. கோவலன் அதனைக் கையாலும் தொடாமல் மறுத்துவிட்டான். இரண்டாம் முறை அவள் எழுதியது ஓர் எளிய ஓலை. மதுரை செல்லும் வழியிற் கோசிகன் என்னும் அந்தணன் வாயிலாக அது கோவலனை அடைந்தது. பெற்றோருக்குத் தொண்டு செய்வதையும் விட்டு, குலமகளோடு இரவில் ஊரைவிட்டு நீங்கும்படி தான் செய்த பிழை யாது என்று அறியாமல் வருந்துவதாகவும், பொறுத்தருள வேண்டுமெனவும் அதில் எழுதியிருந்தாள். படித்த கோவலன் அவள்மீது குற்றம் இல்லை, தன்மீதே குற்றம் என உணர்ந்தான். அதன்பின் அவன் செய்த செயல்தான் வியப்பிற்குரியது. தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டிய சொற்களும் அவ்வோலையிலேயே அமைந்திருக்கக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடம் திருப்பித் தந்தான். செம்பஞ்சுக் குழம்பு செய்ய மாட்டாத வேலையை உள்ளத்தை ஒளியாத நான்கு வரிகள் செய்துவிட்டன.

இத்தகைய தொடக்கம் இருந்தும், பின்னர்ப் பல நூற்றாண்டுகள் தமிழில் நண்பர் கடிதம் செழித்து வளர்ந்ததாகத் தெரியவில்லை. அரசர் திருமுகங்கள் உண்டு. புலவர் வள்ளல்களுக்கு விடுத்த சீட்டுக்கவிகள் உண்டு. ஆலவாய் இறைவனே பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதினார் என்பர். அது பதினோராந் திருமுறையின் முதலில் வைக்கப்பெற்றுள்ளது. இவையெல்லாம் ஒன்றை வேண்டியோ ஆணையிட்டோ எழுதப்பட்டவை. வேண்டுவது ஒன்றும் இல்லாமல், பேச வேண்டும் என்னும் ஆசை ஒன்றாலேயே எழுதுவது நண்பர் கடிதம். அதற்கு ஓலை இடங்கொடுக்கவில்லை. நறுக்கு ஓலையில் எழுத்தாணியாற் கீறுவது கைவலிக்கும் தொழில். சுருட்டிக் கட்டிய பின் அதனை எடுத்துச் செல்ல ஆள் தேட வேண்டும். இவற்றினும் பெரிய தடை வேறொன்று. எழுதத் தெரிந்தவர் சிலரே ஆதலின், ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதினார். சென்றடைந்த ஊரிலும் ஒருவர் படிக்க வீட்டார் யாவரும் சூழ்ந்திருந்து கேட்டனர். கடிதம் என்பது திண்ணையில் உரக்கப் படிக்கப்படும் பொருளாயிற்று. ஊரார் கேட்கப் படிக்கப்படும் ஒன்றில் உள்ளத்தைத் திறப்பவர் யார்?

ஆகவே சடங்கு வளர்ந்தது. தலைப்பில் பிள்ளையார் சுழி. அடுத்து ம-ள-ள-ஸ்ரீ என்று சுருக்கி எழுதும் மகாராஜராஜஸ்ரீ. உறவுக்கும் வயதுக்கும் ஏற்ப அநேக நமஸ்காரம் அல்லது ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும் என்னும் வாசகம். சில இல்லங்களில் உபயகுசலோபரி என்னும் ஒரே நீண்ட சொல். அதன்பின் நிற்க என்று ஒரு சொல்லைத் தனியே நிறுத்திவிட்டு, வந்த காரியத்தைப் பேசத் தொடங்குவர். நற்செய்தி தாங்கிய கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவர். சாவுச் செய்தி தாங்கியதைப் படித்தவுடன் வாயிலிலேயே கிழித்தெறிவர். இவற்றை நாம் ஏளனம் செய்யவில்லை. எழுதத் தெரியாத தாய், பிறர் கையால் எழுதுவிக்கும்போது, மகனிடம் சொல்லத் தக்கதைச் சொல்லி, சொல்லத் தகாததை மறைத்துக்கொள்ள அவ்வாசகங்கள் ஒரு போர்வையாக உதவின. புலவர்களிடையே சடங்கு இன்னும் அழகு பெற்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) காலத்தில், கடிதத்தின் தலைப்பிற் பாட்டு ஒன்று அமைத்து எழுதுதல் வழக்கம் என்பதை உ.வே. சாமிநாதையர் நூல்களால் அறிகிறோம்.

சடங்கின் கட்டு தளர்ந்தது புலவராலும் அன்று, புரட்சியாளராலும் அன்று. அஞ்சல் தலையால் தளர்ந்தது. 1854-க்கு முன்னர்த் தூரத்திற்கு ஏற்பக் கட்டணம் பெற்றனர். அவ்வாண்டு முதல், எத்துணைத் தொலைவாயினும் கால் தோலா எடைக்கு அரை அணா என்று ஆயிற்று. 1879 ஜூலை 1-ஆம் நாள் கால் அணா அஞ்சலட்டை வந்தது. கால் அணாவிற்குக் கன்னியாகுமரிச் செய்தி காசிக்குச் செல்லும் என்றால், காரியம் இல்லாமலும் எழுதலாம் அன்றோ? அட்டையில் இடமும் சிறிது. உபயகுசலோபரியும் ஆசீர்வாதமும் பாதி அட்டையை விழுங்கிவிட்டால் செய்தியை எங்கே எழுதுவது? தலைப்பு வாசகங்கள் மெல்லச் சுருங்கின. செய்தி பெருகி ஓரங்களிலும் ஏறி, அட்டையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் படிக்கும்படி ஆயிற்று. நம் பாட்டனாரின் அட்டைகளில் கையொப்பத்தை எப்போதும் இடது ஓரத்திற் செங்குத்தாகவே காணலாம். திருவிதாங்கூரில் அந்நாட்டு அரசின் அஞ்சல் தனியே நடந்து, 1951-இல் இந்திய அஞ்சல் துறையோடு கலந்தது. தென்கோடியில் வழங்கிய அச்சொல்லே பின்னாளில் தபாலின் இடத்தைப் பெற்றது.

இவ்வசதியைத் தமிழ் உரைநடைக்கு உரமாக்கியவருள் முதல்வர் பாரதியார். நம்மைப் போல் அவரும் வடநாட்டில் இருந்து எழுதியவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி. 1901-இல் காசியில் மாணவராக இருந்தபோது, தம்மைப் பற்றிக் கவலையுற்று எழுதிய இளம் மனைவி செல்லம்மாவிற்கு விடை எழுதினார். கவலைப்படும் நேரத்தைத் தமிழ் படிப்பதிற் செலவிட்டால் மகிழ்வேன் என்பது அதன் கருத்து. இளைஞர் ஒருவர் மனைவிக்கு இவ்வாறு எழுதியது சிறிது ஆசிரியர் தன்மையாகவே நமக்குப் படுகிறது, அதனை மறைப்பானேன்? ஆனால் 1915-இல் புதுச்சேரியிலிருந்து பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதிய கடிதம் வேறு தரம். ஒற்றர் சூழ்ந்திருந்த காலம் அது; தம் கடிதங்கள் இடையில் பிரிக்கப்படலாம் என்பதை அறிந்தவர் அவர். ஆயினும் தம்பி என்று விளித்து, தமிழின்மேல் உள்ள வேட்கையையும் பெண்ணுக்குச் சமநிலை வேண்டும் என்னும் கொள்கையையும் ஒரு மூச்சிற் கொட்டியிருக்கிறார். வயதில் இளையவரிடம் பேசும் உரிமையும், நாட்டிடம் பேசும் முழக்கமும் அதில் ஒன்றாகக் கலந்துள்ளன. மேடைக்கு ஒரு தமிழ், நண்பனுக்கு ஒரு தமிழ் என்னும் பிரிவு அங்கே இல்லை.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் கடிதத்தையும் தொட்டது. காலப்போக்கில் க்ஷேமம் நலமாயிற்று, மகாராஜராஜஸ்ரீ திருவாயிற்று, நமஸ்காரம் வணக்கமாயிற்று. நலம், நலமறிய அவா என்னும் வாசகம் இவ்வாறுதான் நம் வீடுகளுக்கு வந்தது. சொற்கள் தூய்மையுற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அச்சு மாறவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய வாசகத்தை நெஞ்சில் உணராமல் எழுதியது போலவே புதிய வாசகத்தையும் எழுதலானோம். டாக்டர் மு. வரதராசனார் ‘நண்பர்க்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘அன்னைக்கு’ எனக் கடித வடிவில் நூல்கள் இயற்றியபோது, அவை தமிழ்க் குடும்பங்களிற் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்டன. அவை கற்பனைப் பெயர்களுக்கு எழுதப்பட்டவை. அறிவுரை கூற எழுந்தவை. அவற்றைக் கண்டு மாணவர் தெளிந்த நடையைக் கற்றனர். கடிதம் என்றாலே அறிவுரை என்றும் கற்றுக்கொண்டனர் போலும்.

உண்மை நண்பர்க்கு எழுதிய கடிதம் எத்தகையது என அறிய விரும்புவோர் இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் கடிதங்களைப் படித்தல் வேண்டும். 1954-இல் மறைந்த அப்பெரியார், குற்றாலத்திலிருந்து தம் அன்பர்களுக்கு எழுதியவை நூலாக வெளிவந்துள்ளன. வாயாற் பேசுவது போலவே கையால் எழுதியவர் அவர். குற்றாலத்துச் சாரல், கம்பன் கவி, உணவின் சுவை, வந்துபோன விருந்தினர் எல்லாம் ஒரே வரிசையில் வரும். பண்டிதர்கள் அந்நடையைக் குறை கூறினர், அவர் கவலைப்படவில்லை. மற்றொரு தொகுதி கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள். இருவரும் கோவிற்பட்டியை அடுத்த இடைசெவல் ஊரினர். ஒருவர் பிழைப்பு நாடிச் சென்னைக்கும், 1952-இல் மலேயாவிற்கும் சென்றார். மற்றவர் கரிசல் மண்ணிலேயே இருந்தார். அழகிரிசாமி 1970-இல் மறைந்தார். அக்கடிதங்களைக் காத்து வைத்திருந்த நண்பர் 2021 வரை வாழ்ந்தார். ஊரைவிட்டுப் போனவன் ஊரில் இருப்பவனுக்கு எழுதுவதென்பது நம் போன்றோர் யாவரும் செய்த தொழில் ஆதலின், அந்நூலைப் படிக்குந்தோறும் நமக்குச் சற்று வெட்கமும் உண்டாகிறது. காரணத்தைக் கூறுகிறோம்.

நாம் 1967-இல் தில்லிக்கு வந்தோம். அந்நாளில் கடிதம் ஊர் செல்வதே ஒரு விந்தை. 1949 ஜனவரி 30 முதல் இரவு வான் அஞ்சல் தொடங்கியிருந்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட வானூர்திகள் நள்ளிரவில் நாகபுரியிற் கூடி, பைகளை மாற்றிக்கொண்டு திரும்பும். நாம் உறங்கும்போது நம் கடிதம் நாகபுரியில் வேறு வானூர்திக்கு மாறும் என்று நினைப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. 1950-இல் அறிமுகமான உள்நாட்டுக் கடிதத்தாளின் நீல நிறத்தை அஞ்சற்காரர் கையிற் கண்டவுடன், குடியிருப்பின் நான்கு மாடிகளிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்க்கும்.

அரசலாற்றங்கரையில் நம்முடன் எட்டாம் வகுப்பு வரை படித்த தோழன் ஒருவன் நமக்கு எழுதிவந்தான். அவன் உழவன். நலமும் கேட்கமாட்டான், தேதியும் இடமாட்டான். “டேய், நம்ம பள்ளிக்கூடத்துப் புளியமரம் விழுந்துட்டுது” என்றே தொடங்கியது, 1977 நவம்பர் 12-இல் நாகையைத் தாக்கிய புயலுக்குப் பின் வந்த கடிதம். மரம் வடக்குப் பக்கமாகச் சாய்ந்ததும், அதனடியில் நாம் ஆணியாற் கீறிய பெயர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்ததும், அம்மரத்தை ஏலம் எடுத்தவன் கூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று அழுததும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். தன் வீட்டுக் கூரை போனதைக் கடைசி வரியிற் சொல்லியிருந்தான்.

1989-இல் நம் குடியிருப்பின் முனையில் எஸ்.டி.டி. தொலைபேசிக் கூடம் திறக்கப்பட்டது. கடிதம் குறைந்து, பின்னர் நின்றது. அடுத்த முப்பது ஆண்டுகள் திங்களுக்கு இருமுறை பேசினோம். என்ன பேசினோம் என்பது ஒன்றும் நினைவில்லை. 2019-இல் அவன் மறைந்தான். அவன் மகன், “அப்பா இதைப் பத்திரமா வெச்சிருந்தாங்க, மாமா” என்று கூறி ஒரு மஞ்சட்பையை நம்மிடம் தந்தான். அதில் நம் கடிதங்கள் 58 இருந்தன. தில்லிக்குத் திரும்பும் இருப்பூர்தியில் அவற்றைப் படித்தோம். புயலுக்கு நாம் எழுதிய விடை இது: “அன்புடையீர், நலம், நலமறிய அவா. புயல் குறித்து வானொலி வாயிலாகக் கேட்டறிந்து வருந்தினோம். தங்கள் குடும்பத்தார் நலம் என அறிந்து மகிழ்ச்சி. நிற்க. இவ்விடம் அகவிலைப்படி உயர்த்தப்படும் எனத் தெரிகிறது.” புளியமரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூரையைப் பற்றியும் இல்லை. அலுவலகத்தில் கோப்பு எழுதிய கை வீட்டிலும் கோப்பே எழுதியிருக்கிறது. 58-இல் 58-உம் இவ்வாறே. சங்க மேடையில் தமிழின் இனிமையைப் பற்றி அவ்வாண்டுகளில் நாம் ஆற்றிய சொற்பொழிவுகள் பல.

இவ்வளவும் எண்ணிய பின்னர், மாசி மாதத்தில் அச்சிறுமியை அழைத்து, உன் வயதினள் ஒருத்தி அரசலாற்றங்கரையில் இருக்கிறாள், அவளுக்கு எழுதுகிறாயா என்று கேட்டோம். அவள் நம் தோழனின் பேத்தி. ஊர், தெரு, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் உண்மையானவை என்று அறிந்ததும் குழந்தைக்கு நம்பிக்கை பிறந்தது. 50 பைசா அஞ்சலட்டைகள் நான்கு வாங்கிவந்தோம்.

“நலம், நலமறிய அவான்னு போடணுமா, தாத்தா?” என்றாள். அவள் நலமா என்று அறிய உனக்கு உண்மையில் ஆசை இருந்தால் போடு என்றோம். சிறிது நேரம் எண்ணிவிட்டு, “அவளை எனக்குத் தெரியவே தெரியாதே” என்று கூறி அதனை விட்டுவிட்டாள். அந்தப் பெண் இப்போது வாயிற்படியில் வந்து நின்றால் முதலில் என்ன சொல்வாய் என்று கேட்டோம். விடை கூறாமல் எழுதத் தொடங்கிவிட்டாள். நாம் எட்டிப் பார்க்கவில்லை. ஒற்றெழுத்து ஐயம் வந்தபோது மட்டும் அவள் கேட்டாள்.

அட்டையைப் பெட்டியில் இடும்போதுதான் கண்ணில் பட்டது. எங்கள் மாடியில் குரங்கு வந்து அம்மாவின் வடகத்தை எல்லாம் தின்றுவிட்டது என்பது முதல் வரி. கிளிகள், மெட்ரோ இரயில், மூன்றாம் மாடியில் வாழும் பஞ்சாபித் தோழி, தில்லிதான் என் ஊர், நீ இங்கே வா என்னும் அழைப்பு எல்லாம் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டிருந்தன. பெயர் எழுத இடம் போதாமல், இடது ஓரத்திற் செங்குத்தாகக் கையொப்பம் இட்டிருந்தாள்.